60 ஓட்டில் முடிவான சம்பளக் கணக்கு! அமெரிக்க ஃபுட்பாலில் பேரம் பேசியது யார், விலை கொடுத்தது யார்? | மைதானத்துக்கு வெளியே

ஒரு தொழிலாளர் சங்கம், ``எங்கள் ஆட்களின் சம்பளம் இந்த அளவைத் தாண்டக் கூடாது'' என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடுமா? கேட்டால் சிரிப்பீர்கள். சம்பளத்தை ஏற்றத்தானே சங்கம்!

ஆனால், உலகிலேயே அதிகப் பணம் புரளும் விளையாட்டு லீக்கில் வீரர்கள் சங்கம் அப்படித்தான் கையெழுத்துப் போட்டது. இடையில் ஒரே ஓர் ஆண்டு தவிர, 1994-லிருந்து இன்றுவரை அந்த உச்சவரம்பு அமலில் இருக்கிறது. அமெரிக்காவின் `நேஷனல் ஃபுட்பால் லீக்', சுருக்கமாக என்.எஃப்.எல் பற்றித்தான் சொல்கிறேன்.

சங்கம் ஏன் ஒப்புக்கொண்டது, பதிலுக்கு என்ன கிடைத்தது, அதற்கான விலையை யார் கொடுத்தார்கள்? இந்த வார `மைதானத்துக்கு வெளியே' பகுதியில் அதைப் பார்ப்போம். ஸ்கோர்கார்டில் வராத ஆட்டம் இது.

முதலில், எந்த ஃபுட்பால்?

மெஸ்ஸி, ரொனால்டோ ஆடும் ஃபுட்பால் இல்லை. ஹெல்மெட், தோள் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, இரண்டு முனையும் கூரான பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்த ஃபுட்பால். பிப்ரவரி மாதம் `சூப்பர் பௌல்' என்று இன்ஸ்டா முழுக்க ரீல்ஸ் ஓடும். அதுதான் இதன் இறுதிப்போட்டி.

மொத்தம் 32 அணிகள். ஓர் அணியில் 53 வீரர்கள். இந்த 53 பேருக்கும் சேர்த்து ஓர் ஆண்டில் ஓர் அணி இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று ஒரு தொகை உண்டு. அதுதான் `சாலரி கேப்', சம்பள உச்சவரம்பு. 2025 சீசனுக்கு அந்தத் தொகை 27.92 கோடி டாலர். நம் ரூபாயில் 2,300 கோடியைத் தாண்டும்.

ஐ.பி.எல் ஏலம் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. 2025 சீசனுக்கான மெகா ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி ரூபாய் என்று ஒரு பர்ஸ் கொடுத்தார்களே, கிட்டத்தட்ட அதே மாதிரிதான். பர்ஸில் பெரும்பகுதியை ஒரே நட்சத்திரத்துக்குக் கொட்டிவிட்டால், மற்றவர்களுக்குச் சில்லறைதான் மிஞ்சும்.

ஆனால், ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஐ.பி.எல் பர்ஸ் எவ்வளவு என்பதை நிர்வாகம் அறிவிக்கும். என்.எஃப்.எல் உச்சவரம்பு அப்படி வருவதில்லை. லீக்கின் மொத்த வருமானத்தில் வீரர்களுக்கு இத்தனை சதவீதம் என்று அணி உரிமையாளர்களும் வீரர்கள் சங்கமும் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறார்கள். டி.வி உரிமம், டிக்கெட், ஸ்பான்சர் என்று எல்லா வருமானத்தையும் கூட்டி, வீரர்களின் பங்கைப் பிரித்து, மருத்துவம், ஓய்வூதியம் போன்ற சலுகைகளுக்கான தொகையைக் கழித்துவிட்டு, மிச்சத்தை 32-ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த ஆண்டின் உச்சவரம்பு.

லீக் சம்பாதிக்கச் சம்பாதிக்க, உச்சவரம்பும் ஏறும். 1994-ல் அது 3.46 கோடி டாலர். 2025-ல் அதைப்போல எட்டு மடங்கு. கொரோனாவில் மைதானங்கள் காலியானபோது என்ன ஆனது தெரியுமா? 2020-ல் 19.82 கோடியாக இருந்தது, அடுத்த ஆண்டு 18.25 கோடியாக இறங்கியது. லாபத்தில் பங்கு கேட்டால் நஷ்டத்திலும் பங்கு வரும் இல்லையா?

இன்னொன்றும் உண்டு. மேலே கூரை மாதிரி கீழே தரையும் போட்டிருக்கிறார்கள். சில ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்க்கும்போது, உச்சவரம்பில் 90 சதவீதமாவது ஒவ்வோர் அணியும் வீரர்களுக்குச் செலவு செய்திருக்க வேண்டும். பணத்தை முதலாளி பெட்டியில் பூட்டி வைக்க முடியாது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்த மேஜைக்கு வந்து உட்கார வீரர்களுக்கு 30 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

ஜெயித்துக் கொடுத்தவருக்கு ஒன்றும் இல்லை

1960-களில் ஓர் என்.எஃப்.எல் வீரரின் ஒப்பந்தம் முடிந்தால் அவர் வேறு அணிக்குப் போகலாம். காகிதத்தில் மட்டும்! 1963-ல் வந்த ஒரு விதி, அதைக் கிட்டத்தட்ட நடக்காத காரியமாக்கியது. வீரரைச் சேர்த்துக்கொள்ளும் புது அணி, பழைய அணிக்கு நஷ்டஈடு தர வேண்டும். இரண்டு அணிகளும் ஒத்துப்போகாவிட்டால், எந்த வீரரை, என்ன உரிமையைத் தர வேண்டும் என்று லீக்கின் கமிஷனர் பீட் ரோசெல் முடிவு செய்வார். என்ன போகும் என்றே தெரியாமல் யார் ஆள் எடுப்பார்கள்? மிகச் சிலரே எடுத்தார்கள். அவர் பெயராலேயே அதை `ரோசெல் விதி' என்றார்கள்.

இதை எதிர்த்து வழக்கு போட்டவர் ஜான் மேக்கி. பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் `டைட் எண்ட்', வீரர்கள் சங்கத்தின் தலைவர். இரண்டு மூன்று பேர் பிடித்து இழுத்தாலும் நிற்காமல் ஓடுகிற ஆள். கோர்ட்டிலும் அப்படியே ஓடினார். 1976-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ரோசெல் விதி செல்லாது என்றது.

வரலாற்று வெற்றிதான். ஆனால், அதற்குள் மேக்கி ஆடுவதை நிறுத்தி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதைவிடக் கொடுமை, அடுத்த ஆண்டே போட்ட புதிய ஒப்பந்தத்தில் சங்கம் வேறு சலுகைகளுக்காக இந்தச் சுதந்திரத்தை விட்டுக்கொடுத்தது. நஷ்டஈடு முறை வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. வீரர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

மேக்கியின் பிற்காலம் இன்னும் வலி. அவருக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய். பராமரிப்புச் செலவு குடும்பத்தின் கையை மீறியபோது, அவர் மனைவி சில்வியா லீக் கமிஷனருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் பிறகு லீக்கும் சங்கமும் சேர்ந்து, மறதி நோயால் பாதிக்கப்பட்ட முன்னாள் வீரர்களுக்கு ஆண்டுக்கு 88,000 டாலர் வரை பராமரிப்புத் தொகை தரும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதன் பெயர் `88 திட்டம்'. 88, மேக்கியின் ஜெர்ஸி எண்.

இந்தக் கதையில் மேக்கி மறுபடி வருவார். அதற்குமுன் ஒரு ஸ்டிரைக்கைப் பார்த்துவிடலாம்.

கருங்காலிகள் ஆடிய மூன்று வாரங்கள்

1982-ல் வீரர்கள் 57 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோரிக்கை, ``மொத்த வருமானத்தில் 55 சதவீதம் எங்களுக்கு வேண்டும்.'' முதலாளிகள் அசையவில்லை. 16 ஆட்டங்கள் நடக்க வேண்டிய சீசன் 9 ஆட்டங்களில் முடிந்தது. சதவீதம் கிடைக்கவில்லை.

1987-ல் மறுபடி ஸ்டிரைக். இந்த முறை கோரிக்கை, விரும்பிய அணிக்குப் போகும் சுதந்திரம். ஆனால், முதலாளிகள் தயாராக இருந்தார்கள். ஒரு வார ஆட்டங்களை மட்டும் ரத்து செய்துவிட்டு, அடுத்த வாரமே வேறு ஆள்களை வைத்து ஆட்டத்தை நடத்திவிட்டார்கள். பயிற்சி முகாமில் கழித்துக்கட்டப்பட்டவர்கள், ஃபுட்பாலை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் எல்லாம் திடீரென்று ஜெர்ஸி மாட்டினார்கள். டி.வி-யும் ஒளிபரப்பியது.

ஸ்டிரைக்கில் உள்ளே போய் வேலை செய்பவனைக் `கருங்காலி' என்று நம் ஊரில் சொல்வார்கள் அல்லவா? அமெரிக்காவிலும் அதற்கு ஒரு சொல் உண்டு. வந்த வீரர்களின் பஸ்ஸை மறித்து, வழக்கமான வீரர்கள் அந்தச் சொல்லால்தான் திட்டினார்கள்.

கொஞ்ச நாளில் சங்கத்துக்குள்ளேயே விரிசல் விழுந்தது. ஜோ மொன்டானா, லாரன்ஸ் டெய்லர் மாதிரி பெரிய நட்சத்திரங்களே கோட்டைத் தாண்டி உள்ளே போனார்கள். வாரா வாரம் வரும் சம்பளம் நின்றால், வீட்டுக் கடனுக்கு என்ன பதில் சொல்வது என்ற கேள்வி சாதாரண வீரர்களுக்கு. 24 நாள்களில் ஸ்டிரைக் முடிந்தது. கையில் ஒன்றுமில்லாமல் திரும்பினார்கள்.

ஒரே ஓர் அணியில் மட்டும் வழக்கமான வீரர் ஒருவர்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. வாஷிங்டன் அணி. அதனால், அங்கே மூன்று ஆட்டங்களையும் முழுக்க முழுக்கப் புது ஆள்களே ஆடினார்கள். மூன்றிலும் ஜெயித்தார்கள்! அதிலும் கடைசி ஆட்டம், நட்சத்திரங்கள் சிலர் திரும்பி வந்துவிட்ட டல்லாஸ் அணிக்கு எதிராக. அன்று வாஷிங்டனுக்குக் குவார்ட்டர்பேக்காக இறங்கியவர்களில் ஒருவர், சிறையிலிருந்து அனுமதி வாங்கி வெளியே வந்திருந்தவர்.

ஸ்டிரைக் முடிந்ததும் இவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த சீசனில் வாஷிங்டன் சூப்பர் பௌல் ஜெயித்தது. இவர்களுக்கு மோதிரம் தரவில்லை. சங்கக்காரர்களுக்குத் துரோகி, முதலாளிக்குக் கறிவேப்பிலை. 30 ஆண்டுகள் கழித்து, 2018-ல்தான் அவர்களுக்கு சாம்பியன் மோதிரம் கிடைத்தது.

ஸ்டிரைக்கில் கோடு தாண்டியவர்களை எளிதில் திட்டிவிடலாம். ஆனால், அவர்களில் பலருக்கு அந்த மூன்று வாரங்கள்தான் வாழ்நாளில் கிடைத்த ஒரே என்.எஃப்.எல் வாய்ப்பு என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சங்கத்தைக் கலைத்து ஜெயித்த சங்கம்

தெருவில் தோற்ற சங்கம், கோர்ட்டுக்குப் போனது. அங்கே ஒரு விசித்திரமான சிக்கல். சங்கம் ஒன்று இருந்து, அது முதலாளிகளோடு பேச்சுவார்த்தை உறவில் இருக்கும் வரை, ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட முடியாது. ``உங்களுக்குத்தான் சங்கம் இருக்கிறதே, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்'' என்று கோர்ட் சொல்லிவிடும்.

``அப்படியா? சரி, சங்கமே வேண்டாம்'' என்று முடிவெடுத்தார்கள். 1989-ல் வீரர்கள் சங்கம் தன் பேரம் பேசும் அதிகாரத்தைத் தானே துறந்தது. சங்கம் இல்லையென்றால் விதிவிலக்கும் இல்லை. இப்போது தனித்தனி வீரர்கள் வழக்கு போடலாம் அல்லவா? நியூயார்க் ஜெட்ஸ் அணியின் ஃப்ரீமன் மெக்நீல் உட்பட 8 வீரர்கள் வழக்கு போட்டார்கள். 1992 செப்டம்பரில் மினியாபொலிஸ் நகரில் ஜூரி தீர்ப்பு சொன்னது. வீரர்களைக் கட்டிப்போடும் விதி சட்டவிரோதம் என்று!

அடுத்தடுத்து வழக்குகள் வரிசைகட்ட, முதலாளிகள் இறங்கி வந்தார்கள். 1993-ல் சமரசம். ஒப்பந்தக் காலத்தை முடித்த வீரர்கள் இனி விரும்பிய அணிக்குப் போகலாம். மேக்கி கேட்டது, 1987-ல் கேட்டது, எல்லாம் கிடைத்தது. அந்த ஆண்டே ரெஜி ஒயிட் எனும் மாபெரும் தடுப்பாட்டக்காரர் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து கிரீன் பே அணிக்கு நான்கு ஆண்டுகளுக்கு 1.7 கோடி டாலரில் போய்ச் சேர்ந்தார்.

இதற்குப் பதிலாக முதலாளிகள் கேட்டதுதான் உச்சவரம்பு. ``எங்கே வேண்டுமானாலும் போங்கள். ஆனால், எல்லா அணியும் சேர்ந்து ஓர் அளவுக்குள்தான் கொடுப்போம்.'' சங்கத்தை நடத்திவந்த ஜீன் அப்ஷா, அதை ஏற்றுக்கொண்டார். அவர் முன்னாள் வீரர், 1987 தோல்வியைத் தோளில் சுமந்தவர். உச்சவரம்பு என்பது வருமானத்தில் ஒரு சதவீதம் என்று எழுதப்பட்டது. 1982-ல் கேட்டு மறுக்கப்பட்ட அதே சதவீதம், முதலாளிகள் கேட்ட கட்டுப்பாட்டின் உருவத்தில் திரும்பி வந்தது.

சங்கம் ஏன் கையெழுத்துப் போட்டது என்ற கேள்விக்கு இதுதான் பதில். கூரையை ஏற்றுக்கொண்டு, வீட்டில் பங்கு வாங்கினார்கள்.

சின்ன ஊருக்குக் கிடைத்த வரம்

ரசிகர்களுக்கு இதில் என்ன லாபம்? கிரீன் பே ஊரைப் பாருங்கள். விஸ்கான்ஸின் மாநிலத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் வசிக்கும் ஊர். அங்கே இருக்கும் `பேக்கர்ஸ்' அணிக்குத் தனி முதலாளியே கிடையாது. லட்சக்கணக்கான ரசிகர்கள் ஆளுக்கொரு பங்கு வைத்திருக்கிறார்கள். அந்த அணி, நியூயார்க், டல்லாஸ் மாதிரி பணக்கார நகரங்களின் அணிகளோடு சமமாக மோதுகிறது.

காரணம் இரண்டு. ஒன்று, 1960-களிலிருந்தே தேசிய டி.வி வருமானத்தை எல்லா அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. இன்னொன்று, எவ்வளவு பணக்கார அணியாக இருந்தாலும் உச்சவரம்பைத் தாண்டி வீரர்களை வாங்கிக் குவிக்க முடியாது.

பேக்கர்ஸ் அணி பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருப்பதால் ஒரு ரகசியமும் வெளியே வந்துவிடுகிறது. 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் லீக்கிலிருந்து அந்த அணிக்கு வந்த பங்கு 40 கோடி டாலருக்கு மேல். அந்த சீசனின் சம்பள உச்சவரம்பு 22.48 கோடி. அதாவது, உள்ளூரில் ஒரு டிக்கெட்கூட விற்காவிட்டாலும் வீரர்களின் சம்பளத்துக்கு மேலேயே பணம் மிஞ்சும். 32 அணிகளுக்கும் இதே பங்குதான்.

ஆட்டம் சமமாக இருக்கத்தான் உச்சவரம்பு என்று முதலாளிகள் சொல்வது பொய்யில்லை. ஆனால், பாதி உண்மை. முதலாளிகளின் செலவு எல்லை தாண்டாது என்ற உத்தரவாதம்தான் அதன் மறுபாதி.

கல்லூரிப் பையன் கட்டிய கப்பம்

2008-ல் முதலாளிகள், ``வீரர்களுக்கு அதிகமாகவே கொடுத்துவிட்டோம்'' என்று ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமையைப் பயன்படுத்தினார்கள். அதே ஆண்டு அப்ஷா காலமானார். 2010 சீசன் உச்சவரம்பே இல்லாமல் நடந்தது. 2011 மார்ச்சில் பேச்சு முறிந்தது. சங்கம் பழைய உத்தியை எடுத்து மறுபடி தன்னைக் கலைத்துக்கொண்டது. முதலாளிகள் கதவடைப்பு அறிவித்தார்கள். டாம் பிரேடி உள்ளிட்ட வீரர்கள் வழக்கு போட்டார்கள். நான்கரை மாதங்கள் வீரர்கள் தங்கள் பயிற்சி மைதானத்துக்குள்ளேயே கால்வைக்க முடியவில்லை.

அந்தக் கதவடைப்பு நடந்துகொண்டிருந்தபோது, 2011 ஜூலை 6 அன்று, ஜான் மேக்கி பால்டிமோரில் காலமானார். வயது 69.

ஜூலை 25 அன்று உடன்பாடு. வீரர்களின் பங்கு மொத்த வருமானத்தில் சுமார் 47-48 சதவீதமாக நின்றது. அடிபடும் முழு வேகப் பயிற்சிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. உடம்புக்கு அது நிஜமான லாபம். ஆனால், இதற்கெல்லாம் ஈடாக ஒரு விஷயம் விட்டுக்கொடுக்கப்பட்டது. புதுமுகங்களின் சம்பளம்.

இரண்டு பேரை ஒப்பிட்டுப் பாருங்கள். 2010-ல் கல்லூரியிலிருந்து முதல் ஆளாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்ட், ஓர் ஆட்டம்கூட ஆடாமல் போட்ட ஒப்பந்தத்தில் 5 கோடி டாலருக்கு உத்தரவாதம் இருந்தது. அடுத்த ஆண்டு முதல் ஆளாகத் தேர்வான கேம் நியூட்டனுக்கு, நான்கு ஆண்டுகளுக்கு 2.2 கோடி. ஒரு வருடம் தாமதமாகக் கல்லூரி முடித்ததற்கு இவ்வளவு பெரிய அபராதம்!

``சோதிக்கப்படாத பையனுக்கு எதற்கு அவ்வளவு? அந்தப் பணம் சீனியர்களுக்கு வரட்டும்'' என்பது அப்போது சொல்லப்பட்ட நியாயம். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. கூடவே ஒரு வசதியும் இருந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் வரப்போகும் பையன்கள் அப்போது கல்லூரியிலும் பள்ளியிலும் இருந்தார்கள். சங்கத்தில் அவர்களுக்கு ஓட்டு இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். தேர்வாகும் புதுமுகத்தின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள். மூன்று சீசன் முடியும் வரை ஒப்பந்தத்தைத் திருத்திப் பேசவே முடியாது. சங்கம் சொல்லும் கணக்குப்படி ஒரு என்.எஃப்.எல் வீரரின் சராசரி ஆட்டக்காலம் மூன்றரை ஆண்டுகள்கூட இல்லை. அப்படியானால், பெரும்பாலானவர்களுக்கு அந்த முதல் ஒப்பந்தம்தான் கடைசி ஒப்பந்தமும். சந்தை விலையைக் கேட்கும் நாள் வருவதற்குள் முழங்கால் போய்விடும்.

சீனியர்களுக்காவது பணம் போனதா? உச்ச நட்சத்திரங்களுக்குப் போனது. நடுவில் இருந்தவர்களுக்கு நேர்மாறாகத் திரும்பியது. மலிவாக ஓர் இளைஞன் கிடைக்கும்போது, எட்டாவது ஆண்டில் இருக்கும் சுமாரான சீனியரை அணி ஏன் வைத்துக்கொள்ளப்போகிறது?

பிராக் பர்டியின் கதை இதற்குச் சரியான உதாரணம். 2022-ல் தேர்வான 262 பேரில் கடைசி ஆள். 2023 சீசனில் அவருடைய சம்பளம் 8.7 லட்சம் டாலர். அந்தச் சம்பளத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவைச் சூப்பர் பௌல் வரை கூட்டிப்போனார். எதிரணியில் நின்ற பேட்ரிக் மஹோம்ஸின் ஒப்பந்தம், பத்து ஆண்டுகளுக்கு 45 கோடி டாலர். பர்டியை மலிவாக வைத்திருந்ததால் மிஞ்சிய பணத்தில்தான் அணி சுற்றிலும் நட்சத்திரங்களை நிறுத்தியது. 2025-ல் பர்டிக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 26.5 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. அவர் தப்பித்தார். அதற்கு முன்பே அடிபட்டு வெளியே போயிருந்தால்?

அடிபட்டுக்கொண்டே ஓடுவதுதான் வேலை என்று இருக்கும் ரன்னிங் பேக்குகளுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. நல்ல வயதெல்லாம் முதல் ஒப்பந்தத்திலேயே கரைந்துவிடும். அது முடிந்ததும் `ஃப்ரான்சைஸ் டேக்' என்று ஒரு முத்திரை குத்தி இன்னும் ஓர் ஆண்டு பிடித்துவைக்கலாம். 2023-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி சாக்வான் பார்க்லிக்கு அதைத்தான் செய்தது. அடுத்த ஆண்டு விடுதலையாகி ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனவர், அந்த ஒரே சீசனில் 2,005 கெஜம் ஓடினார். தன் 28-வது பிறந்தநாளில் சூப்பர் பௌல் ஜெயித்தார்.

அந்த 60 ஓட்டுகள்

2020 மார்ச். அடுத்த ஒப்பந்தம் ஓட்டெடுப்புக்கு வந்தது. முதலாளிகள் கேட்டது, சீசனில் கூடுதலாக ஓர் ஆட்டம். 16-ஐ 17 ஆக்க வேண்டும். கொடுக்க முன்வந்தது, வருமானத்தில் குறைந்தபட்சம் 48 சதவீதம், கூடுதல் ஓய்வூதியம், உயர்த்திய குறைந்தபட்ச சம்பளம்.

ஆரோன் ராட்ஜர்ஸ், ரஸ்ஸல் வில்சன், ஜே.ஜே.வாட் என்று பெரிய பெயர்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள். ``இன்னோர் ஆட்டம் என்றால் இன்னும் எத்தனை மோதல்? எங்கள் உடம்பு என்ன ஆகும்?'' என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. ஆனால், பட்டியலின் அடியில் இருப்பவர்களுக்கு வேறொரு எண் கண்ணில் பட்டது. புதுமுகத்தின் குறைந்தபட்ச சம்பளம் 4.95 லட்சம் டாலரிலிருந்து 6.10 லட்சமாக உயரும். இரண்டு ஆண்டுகளில் வீட்டுக்குப் போகப்போகிறவருக்கு, பத்தாவது ஆண்டின் முழங்காலைவிட இந்த ஆண்டின் செக் முக்கியம்.

யாரைத் தப்பு சொல்வீர்கள்?

முடிவு: ஆதரவு 1,019, எதிர்ப்பு 959. வெறும் 60 ஓட்டு வித்தியாசம். 31 பேர் மனம் மாறியிருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும். 2021-லிருந்து ஒவ்வோர் அணியும் 17 ஆட்டங்கள் ஆடுகிறது.

ஸ்டிரைக்கோ, ஓட்டெடுப்போ, வீரர்கள் எல்லோரும் ஒரே சாதி இல்லை என்பது ஒவ்வொரு முறையும் தெரிந்துவிடுகிறது. நட்சத்திரத்துக்கு ஒரு கணக்கு, சாதாரண வீரருக்கு ஒரு கணக்கு. ஓய்வுபெற்றவருக்கும் இன்னும் வராதவருக்கும் ஓட்டே கிடையாது. முதலாளிகளோ 32 பேர்தான். அவர்கள் வயதாகிக் களத்தை விட்டு வெளியேறுவதும் இல்லை. மூன்றரை ஆண்டு ஆயுள் உள்ள தொழிலாளியும், தலைமுறை தலைமுறையாகச் சொத்து வைத்திருக்கும் முதலாளியும் எதிரெதிரே உட்கார்ந்தால், யாருக்குக் காத்திருக்கும் தெம்பு இருக்கும்?

அடுத்து என்ன?

இப்போதைய ஒப்பந்தம் 2030 சீசன் வரை. ஆனால், 18-வது ஆட்டம் பற்றிய பேச்சு ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது. கமிஷனர் ரோஜர் குடெல் அதை வெளிப்படையாகவே பேசிவருகிறார். மறுபக்கம், சங்கத்தின் தலைமை நிர்வாகி லாயிட் ஹவல் 2025 ஜூலையில் சர்ச்சைகளுக்கு நடுவே பதவி விலகினார். பேரத்துக்கு முன் வீரர்கள் தங்கள் வீட்டைச் சரிசெய்ய வேண்டிய நிலை. 18-வது ஆட்டம் வருமா என்பதைவிட, அதற்கு ஈடாக வீரர்கள் எதை வாங்குவார்கள், யாரை விட்டுக்கொடுப்பார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

நம் பக்கத்துக்கு வருவோம். ஐ.பி.எல்-லில் ரிஷப் பன்ட் 27 கோடி ரூபாய்க்கு ஏலம் போனதை எல்லோரும் வாய்பிளந்து பார்த்தோம். லீக்கின் மொத்த வருமானத்தில் வீரர்களுக்கு எத்தனை சதவீதம் போகிறது என்று யாராவது கேட்டோமா? ஓய்வுபெற்ற கிரிக்கெட் வீரர்களுக்கு 2019-லிருந்து ஒரு சங்கம் இருக்கிறது. ஆனால், இன்று ஆடிக்கொண்டிருக்கும் வீரர்களின் சார்பில் உட்கார்ந்து, பர்ஸ் எவ்வளவு என்று பேரம் பேசும் சங்கம் இல்லை. அடிப்படை விலைக்கு ஏலம் போய், பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, அடுத்த ஆண்டு பெயரே இல்லாமல் போகும் பையனுக்காகப் பேச அங்கே ஒரு நாற்காலி இல்லை.

என்.எஃப்.எல் மேஜை ஒன்றும் தர்ம சபை இல்லை. அதில் புதுமுகம் ஏமாந்திருக்கிறார், நடுத்தர வீரர் ஏமாந்திருக்கிறார், மேக்கி மாதிரி வழிவெட்டியவரே வெறுங்கையோடு போயிருக்கிறார். ஆனாலும், கணக்கு எல்லோருக்கும் தெரியும்படி மேஜையில் இருக்கிறது. எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டுகள், எத்தனை ஓட்டு எல்லாமே தெரியும். தோற்றவர்கள்கூட, எதில் தோற்றோம் என்று தெரிந்துகொண்டு அடுத்த பேச்சுக்கு வருகிறார்கள்.

அடுத்த முறை யாராவது ஒரு வீரர் இத்தனை கோடிக்கு விலைபோனார் என்று நியூஸ் வந்தால், கூடவே அந்த அணியில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவருக்கு எவ்வளவு என்றும் தேடிப் பாருங்கள். அந்த லீக்கின் பேரம் எப்படி நடந்தது என்பதை அந்த எண் சொல்லிவிடும்.

அடுத்த வாரம், மைதானத்துக்கு வெளியே இன்னொரு கதையோடு சந்திப்போம்!